தொப்பி உட்கார்ந்த நாற்காலி

சுங்குவார்சத்திரத்தில் பெங்களூர் ரோட்டின் மேல் இருக்கும் அந்த டீக்கடைக்குள் எங்கள் தெருவிலிருந்து முதலில் நுழைந்தது ஒரு நாற்காலி. ஆட்கள் உள்ளே போக அதற்கப்புறம் முப்பது வருஷம் ஆயிற்று. அப்போதும் எங்கள் வீட்டு ஆட்கள் போகவில்லை. மற்றவர்களைத் தடுத்தவர் கடைக்காரர். எங்களைத் தடுத்தவர் என் அப்பா.

எங்கள் பக்கத்தில் ஏரியை வைத்துத்தான் ஆளை அளப்பார்கள். ஏரிக்கு இந்தாண்டை ஊர், அந்தாண்டை எங்கள் தெரு. புதிதாக ஒருவரைக் கண்டால் "இந்தாண்டயா, அந்தாண்டயா?" என்று ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் வந்துவிட்டால் சாதி என்ன, எங்கே உட்கார வைப்பது, எதில் டீ ஊற்றுவது என்று தனித்தனியாகக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. அந்தாண்டைக்காரர்களுக்காகக் கடையின் பின்பக்கத்து வேலிக் குச்சிகளில் அலுமினிய டம்ளர்கள் கவிழ்ந்து தொங்கும். எடுத்து நீட்டினால் டீ மேலேயிருந்து விழும். குடித்துவிட்டு, கழுவி, அதே குச்சியில் மாட்டிவிட்டு வர வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு சின்ன மாதா கோயிலும் அதை ஒட்டி ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. தாத்தா அதில் வாத்தியார். வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் தன் நாட்டுக்குக் கப்பல் ஏறும்போது, தான் உட்கார்ந்த மர நாற்காலியைத் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். கைப்பிடி வைத்த, பலகை ஆசனம் போட்ட நாற்காலி. ஆசனத்தின் அடியில் சூட்டுக்கம்பியால் ஒரு சிலுவை இழுத்திருக்கும். கோயில் சாமான் எல்லாவற்றிலும் அந்த அடையாளம் உண்டு. பின்பக்கத்து இடது காலைக் கரையான் தின்றுவிட்டதால் அப்பா பூவரசங்கட்டை ஒன்றைச் செதுக்கி மாட்டினார். அப்பாவுக்குத் தச்சு வேலை தெரியாது. கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. உட்கார்ந்தால் நாற்காலி ஆடும். தாத்தா ஆடிக்கொண்டே பாடம் நடத்தினார்.

அப்பாவுக்கு இருபது வயது, கல்யாணம் ஆன புதிது. ஒரு நாள் டீக்கடை வாசலில் ஒரு துரையின் மோட்டார் கார் டயர் வெடித்து நின்றுவிட்டது. அப்போது அந்தக் கடை கீற்றுக் கொட்டகை. உள்ளே இரண்டு பெஞ்சு. துரையைப் பெஞ்சில் உட்கார வைத்தால் பிறகு என்ன ஆகுமோ என்று மணியக்காரருக்குப் பயம். ஊரில் இருந்ததே இரண்டு நாற்காலி. ஒன்று மணியக்காரர் வீட்டுச் சாய்வு நாற்காலி. அதில் துரையைப் படுக்கத்தான் வைக்கலாம். இன்னொன்று கால் உடைந்து பரணில் கிடந்தது. ஆகவே தலையாரி ஏரிக்கரை மேல் ஓடி வந்தான். தாத்தா எழுந்து கொடுத்தார். அப்பா நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்.

கடை வாசலில் இறக்கியதும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி நாற்காலியைக் கழுவினார்கள். அப்பாவைக் கழுவ நேரமில்லாததால் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொன்னார்கள். அங்கே நின்று அவர் பார்த்ததுதான் எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லப்பட்ட கதை.

துரை நாற்காலி அருகில் வந்தார். கையை வைத்து அழுத்திப் பார்த்தார். ஆடியது. இன்னொரு தரம் அழுத்தினார். மறுபடி ஆடியது. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி அதன் மேல் வைத்துவிட்டு, டிரைவர் டயர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். கண்ணாடி கிளாசில் டீ கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தார். அப்போது துரையின் முகம் எப்படிப் போயிற்று என்பதை அப்பா செய்து காட்டுவார். இடது கண் மூடும், வாய் வலது பக்கம் இழுக்கும், கழுத்து உள்ளே போகும். வேலையில்லாத நாட்களில் அதைச் செய்து காட்டச் சொல்லி நாங்கள் கேட்போம். சாப்பாடு இல்லாத நாட்களிலும் கேட்போம். செய்து காட்டுவார்.

கார் போன பிறகு நாற்காலியை எடுக்கப் போனார். கடைக்காரர் "நாளைக்கு வா" என்றார். மறுநாள் போனார். "நாளைக்கு வா." மூன்றாம் நாள் கடைக்காரர் விளக்கம் சொன்னார்.

"துரை உக்காந்த நாற்காலிய அந்தாண்ட அனுப்பச் சொல்றியா? துரைக்கு அது மரியாதையாடா?"

"துரை உக்காரலிங்களே. தொப்பியத்தான வெச்சாரு?"

"தொப்பி உக்காந்தா துரை உக்காந்த மாதிரிதான். நாளைக்கு வா."

அப்பா அதற்கப்புறம் போகவில்லை. நாற்காலி வீட்டுக்கு வரும்வரை இந்த வீட்டு ஆள் ஒருத்தரும் அந்தக் கடையில் டீ குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். குடும்பத்தில் வேறு எதையும் கட்டிக் காக்க முடியாமல் போனதால் இதை ஒழுங்காகக் கட்டிக் காத்தோம். தாத்தா நின்றுகொண்டே பாடம் நடத்திச் செத்துப்போனார்.

பள்ளிக்கூடம் போகிற வழியில் எதிர்ப்பக்கத்தில் நின்று நான் அந்தக் கடையைப் பார்ப்பேன். ஜன்னலில் நாற்காலியின் முதுகு தெரியும். பாய்லர் சத்தமும் பட்டர் பிஸ்கட் வாசனையும் ரோட்டைத் தாண்டி வரும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறியபோது, ஊரில் நான் கடைசியாகப் பார்த்ததும் அந்த ஜன்னலைத்தான். அதற்குப் பிறகு பல இடங்களில் டீ குடித்திருக்கிறேன். விஜயவாடாவில் குடித்தேன். நாக்பூரில் மண்குவளையில் குடித்துவிட்டுக் குவளையை உடைத்தேன். கிணறு வெட்டிய ஊரில், கல் உடைத்த ஊரில், ஒரு தரம் தெரியாமல் பிடித்துக்கொண்டு போன போலீஸ் ஸ்டேஷனில்கூடக் குடித்தேன். எந்த ஊர் என்று டிரைவர்கள் கேட்பார்கள். சொன்னால், "ஓ, துரை நாற்காலி கடை! டீ எப்படி இருக்கும்?" என்பார்கள். "அந்த மாதிரி டீ வேறு எங்கும் கிடைக்காது" என்பேன். நான் நுழையாத கடையின் புகழை நாக்பூர் வரைக்கும் பரப்பியவர்களில் நானும் ஒருவன். இதைப் பின்னால் நடந்ததற்காக இப்போதே சொல்லிவைக்கிறேன்.

தொண்ணூற்றொன்றில் ஊருக்குத் திரும்பினேன். நாற்பதைத் தாண்டிவிட்டது. அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம். ஒரகடம் பக்கத்தில் எனக்கு ஒரு காவல் வேலை கிடைத்தது. பத்துப் பதினைந்து ஏக்கர் முள்காடு, சுற்றிக் கம்பிவேலி, நடுவில் 'இவ்விடத்தில் விரைவில் தொழிற்சாலை' என்று ஒரு பலகை. திருட வேறு எதுவும் இல்லாததால் நான் பலகையைக் காவல் காத்தேன். ஆடுகள் அதில் முதுகு சொறியும். விரட்டுவேன். 'விரைவில்' என்ற சொல் மட்டும் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு பெயிண்டர் வந்து அதை மட்டும் புதுப்பித்துவிட்டுப் போவார்.

டீக்கடைப் பலகையையும் எழுதுகிறவர் அவர்தான் என்று பேச்சில் தெரிந்தது. முதல் தரம் எழுதியபோது 'துரை அமர்ந்த இடம்' என்றுதான் எழுதச் சொன்னார்களாம். அடுத்த தரம் 'துரை அமர்ந்து தேநீர் அருந்திய இடம்'. அதற்கடுத்த தரம் 'அருந்தி மகிழ்ந்த இடம்'.

"அடுத்த வாட்டி இன்னா சேக்கச் சொல்லுவாங்கோ?" என்று கேட்டேன்.

"பலகைல இடம் கெடையாதுபா. பெருசா ஒண்ணு ஆர்டர் குடுத்துகீறாங்கோ" என்றார்.

வீட்டில் அம்மாவுக்கு முட்டி போய்விட்டது. எழுபது வயது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். வீட்டில் இருந்தது நான் ஒருவன். அதனால் கவிழ்த்துப் போட்ட உரல் மேல் உட்கார்ந்திருப்பாள். அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் தரையில் உட்காரவே கூடாது, நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்றார்.

"எங்கூட்டு நாற்காலி கடையில கீது டாக்டரய்யா" என்றாள் அம்மா. ஐம்பது வருஷம் முன்பு போன நாற்காலியை, பழுது பார்க்கப் போயிருக்கிறது என்பது போலச் சொன்னாள். டாக்டர் "சீக்கிரம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது, புது நாற்காலி ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன்.

"புதுசு வாங்கிட்டா அத வுட்டுட்டோம்னு அர்த்தம். எனக்கு அதுதான் வோணும். போய்க் கேளு."

"அங்க போவக் கூடாதுன்னு அப்பா சொல்லிகீறாரே?"

"டீ குடிக்கத்தான போவக் கூடாதுன்னாரு? நாற்காலிய எடுத்தாறப் போவக் கூடாதுன்னாரா?"

"என்னுதுன்னு எப்டிமா காட்டுறது?"

"கவுத்துப் பாக்கச் சொல்லு. சிலுவ கீதுல்ல. பின்னங்காலு பூவரசு. பொய்யா சொல்றேன்?"

ஒரு நாளும் வீட்டுக்கு ஒரு சாமானும் கொண்டுவராத பிள்ளை நான். கொண்டுவரச் சொல்லி அம்மா கேட்டதும் இது ஒன்றுதான். மறுநாள் காலை பத்து மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஆனால் அதற்கப்புறம் வெளியூர் வேன்கள் நிறைய வந்தன. இறங்கி நின்று பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியே டீ குடிக்க எங்கள் பக்கம் வருவார்கள். வருகிற வழியில் பெரிய பலகை. ஆகவே துரை நாற்காலிக்கு நல்ல காலம்.

கடை இப்போது ஓட்டுக் கட்டடம். கடப்பைக்கல் மேசைகள். பின்பக்கத்து வேலியும் இல்லை, டம்ளர்களும் இல்லை. மூலையில் நாற்காலி. சுற்றி நைலான் கயிறு. முதுகில் சந்தனம், நடுவில் குங்குமம், கைப்பிடியில் சாமந்தி மாலை, மேலே கலர் பல்பு. காலையில் போடுகிற முதல் டீயை அதன் எதிரில் ஒரு ஸ்டூலில் வைத்துவிடுவது கடை வழக்கமாம். நான் போனபோது ஈக்கள் அதைக் குடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பிடித்திருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ குடிக்கிற எண்ணம் இல்லை. ஆனால் டீக்கடையில் சும்மா உட்கார்ந்தால் கேட்பார்கள் என்பதால் ஒரு டீ சொன்னேன். கல்லாவில் இருந்தவர் பழைய கடைக்காரரின் பேரன். என் வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, தங்கப் பல் ஒன்று.

"புதுசா கீற. இன்னா ஊரு?"

"இங்கதான்."

"இங்கதான்னா? ஏரிக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"அந்தாண்ட."

டீ மாஸ்டரின் கை மேலேயே ஒரு நொடி நின்றது. அவர் வயசாளி. பழைய வேலி ஞாபகம் வந்திருக்கும். முதலாளி சிரித்தார்.

"அதனால இன்னா? அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு. இப்ப யாரு இதெல்லாம் பாக்குறா? உள்ளயே உக்காரு. சும்மா உக்காருபா."

நான் உட்கார்ந்துதான் இருந்தேன். இருந்தாலும் அனுமதி கொடுத்துவிட்டார் என்பதால் இன்னும் கொஞ்சம் நன்றாக உட்கார்ந்தேன்.

டீ வந்தது. கண்ணாடி கிளாஸ். கையில் வைத்துக்கொண்டே இருக்க முடியாமல், அப்பா போட்ட தடையை மீறி ஒரு வாய் குடித்தேன். இடது கண் மூடிற்று, வாய் வலது பக்கம் இழுத்தது, கழுத்து உள்ளே போயிற்று. அப்பா ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. ஐம்பது வருஷத்தில் ஆட்சி மாறி, கீற்று ஓடாகி, வேலி போய், டீயின் ருசியை மட்டும் மாறாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். பாரம்பரியம் என்று அவர்கள் சொன்னதில் பொய் இல்லை.

அப்போது ஈரோட்டுப் பக்கத்து வேன் ஒன்று வந்து நின்றது. ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். முன்னால் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், கையில் நோட்டு. முதலாளி எழுந்து கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்று சொல்ல ஆரம்பித்தார். துரை இதில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். மூன்று டீ குடித்தார். போகும்போது கண்ணில் தண்ணீர். லண்டனுக்குப் போனதும் ஞாபகமாகத் தன் வீட்டு நாற்காலியையே கப்பலில் அனுப்பிவைத்தார்.

வாத்தியார் எழுதிக்கொண்டே கேட்டார். "அப்பொ அன்னிக்கு உக்கார்ந்தது எந்த நாற்காலிங்க?"

"இதே நாற்காலிதாங்க."

"இது பின்னால கப்பல்ல வந்ததுன்னீங்களே?"

முதலாளி ஒரு கணமும் தடுமாறவில்லை. "ஒருவாட்டி போய்ட்டு வந்துச்சுங்க" என்றார். வாத்தியார் அதையும் எழுதிக்கொண்டார்.

இதைவிட நல்ல சமயம் வராது என்று நான் எழுந்தேன்.

"மொதலாளி, அது எங்கூட்டு நாற்காலி. அம்மா எடுத்தாறச் சொல்லிச்சு."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு மறுபடியும் சொன்னேன்.

"கவுத்துப் பாருங்க. அடியில சிலுவ கீது."

"யோவ், பூஜ பண்ற நாற்காலிய்யா இது. அதப் போய் கவுக்கச் சொல்ற?"

"பின்பக்கம் எடது காலு பூவரசு. அதுக்கடியில எதுனா வெச்சு நிறுத்தியிருப்பீங்க. இல்லாங்காட்டி ஆடும்."

முதலாளியின் கண் தன்னையறியாமல் அந்தக் காலுக்குப் போயிற்று. பீடிக்கட்டு அட்டை ஒன்றை நாலாக மடித்து அங்கே செருகியிருந்தது. வாத்தியார் அதைக் கவனித்துவிட்டார்.

"ஏனுங்க, திருப்பித்தான் பாத்துப்போடலாமே? சரித்திரம்னா ஆதாரம் வேணுமில்லீங்க?"

வேன்காரர்கள் எல்லோரும் பார்க்கலாம் என்றார்கள். வேறு வழியில்லாமல் முதலாளி கயிற்றை அவிழ்த்தார். மாலையை மாஸ்டர் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நானும் முதலாளியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நாற்காலியைக் கடப்பைக்கல் மேல் கவிழ்த்தோம். மேலெல்லாம் சந்தனமும் குங்குமமும். அடியில், ஒரு ஜாண் நீளத்துக்குக் கறுப்பாக, சிலுவை.

 பாய்லர் மட்டும் உஸ்ஸென்றது. ஆயிற்று, தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். எந்தக் கைப்பிடியைப் பிடித்தால் ஏரிக்கரை மேல் நடக்கச் சுலபம் என்றுகூடப் பார்த்துக்கொண்டேன்.

முதலாளிதான் முதலில் மூச்சு விட்டார்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! துரை கிறிஸ்தவருதான? வேற இன்னா குறி போடுவாரு? லண்டன் முத்திரைங்க இது! இத்தினி வருசமா எங்க கண்ணுக்கே தெரியாம இருந்துச்சு. இன்னிக்கு உங்களுக்காக வெளிய வந்துகீது!"

வாத்தியார் சிலுவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேனில் வந்த ஒரு அம்மா, "எனக்கு உள்ள வரும்போதே மேல் சிலிர்த்துச்சுங்க" என்றாள். காமிரா வெளியே வந்தது.

நான் விடவில்லை. பாதிரியார் கொடுத்தது, தாத்தா ஆடிக்கொண்டே பாடம் நடத்தியது, அப்பா தலையில் சுமந்து வந்தது, துரை தொப்பியை வைத்தது என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வாத்தியார் பேனாவை மூடிவிட்டார். முதலாளி என் தோளில் கைபோட்டுப் பாய்லர் பக்கம் அழைத்துப்போனார்.

"இன்னாபா, நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். எங்க தாத்தாவும் சாவப்போற நேரத்துல இத மாதிரி என்னாவோ சொன்னாரு. பாதிரி குடுத்தாரு, உங்கப்பா தூக்கியாந்தாரு, துரை உக்காராம தொப்பிய வெச்சிட்டுப் போயிட்டாரு. கேக்க நல்லாவா கீது?"

"நல்லா இல்லதான்."

"அவ்ளோதான் மேட்டரு. ஈரோட்லேந்து ஒருத்தன் தொப்பி உக்காந்த நாற்காலியப் பாக்க வருவானா?"

 நாக்பூர் டிரைவர்களிடம் நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

முதலாளி என்னைத் திரும்ப வேன்காரர்கள் முன் கொண்டுபோய் நிறுத்தினார். குரலை உயர்த்தினார்.

"இவரு யாரு தெரியுங்களா? மெட்ராஸ் ஆர்பர்லேந்து இந்த நாற்காலியத் தலைமேல வெச்சு நடந்தே கொண்டாந்தாரே, அவரோட புள்ள! இந்த ஊர்க்காரரு! ஏரிக்கு அந்தாண்ட!"

அந்தாண்டை என்ற சொல்லை அந்தக் கடையில் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். என் அப்பா அரை மைல் சுமந்த நாற்காலியை முப்பது மைல் சுமந்தவராகிவிட்டார். உயிரோடு இருந்திருந்தால் கழுத்து வலித்திருக்கும். வாத்தியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாற்காலியை நிமிர்த்தி, மாலை போட்டு, அட்டையைச் செருகி, அதன் பின்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள். நான் முறைத்துக்கொண்டு நின்றேன். "அப்பிடியே இருங்க, நல்லாருக்கு" என்றார் படம் எடுத்தவர்.

வேன் போன பிறகு முதலாளியிடம் வெளிப்படையாகச் சொன்னேன். "கதை உங்களுதாவே இருக்கட்டும். அம்மாவுக்கு முட்டி போயிடிச்சு. தரையில உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்கு உக்கார நாற்காலி வோணும். அதான் வந்தேன்."

"அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நாற்காலிதான வோணும்? மாஸ்டர், பின்னாடி மடக்கு நாற்காலி கீதே, அதுல ஒண்ணு எடுத்தா."

கூட்டங்களுக்குப் போடுகிற இரும்பு மடக்கு நாற்காலி. முதுகில் கடையின் பெயர் சிவப்பில் எழுதியிருந்தது. அந்தப் பெயிண்டர் கைதான். கொடுக்கும்போது முதலாளி சொன்னார்.

"எரவல்தாம்பா. முட்டி சரியானதும் திருப்பிக் குடுத்துடணும்."

எழுபது வயது முட்டி என்றைக்குச் சரியாகும் என்று நான் கேட்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை. நாற்காலியை மடக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை மேல் நடந்தேன். எதிரில் மாடு ஓட்டிவந்தவர் "இன்னாபா, மீட்டிங்கா?" என்றார். ஆமாம் என்றேன்.

அம்மா உரல் மேல் உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்திலேயே அது இல்லை என்று தெரிந்துவிட்டது.  நான் விரித்துப் போட்டு, நடந்ததை எல்லாம் சொன்னேன். நடுவில் கேள்வி கேட்டாள்.

"சிலுவ கீதா?"

"கீது."

"பின்னங்காலு?"

"பூவரசுதான். அட்டை வெச்சு நிறுத்திகீறான்."

"நீ உக்காந்தியா அதுல?"

"இல்லமா. சந்தனம் பூசி மாலை போட்டுகீறான்."

"அப்ப உங்க தாத்தாவுக்கு அப்பறம் அதுல தொப்பிதான் உக்காந்துகீது" என்றாள். என் கையைப் பிடித்து எழுந்து, மடக்கு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். இப்படியும் அப்படியும் உடம்பை அசைத்துப் பார்த்தாள்.

"ஆடல."

"நல்லா கீதா?"

"இரும்புதான். குளிருது." சேலையை முட்டி மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "திருப்பிக் கேப்பானா?" என்றாள்.

"எரவல்னு சொல்லித்தான் குடுத்தான்."

"ம்" என்றாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அப்பா துரையின் முகத்தைச் செய்து காட்டப் போகும்போது அவருக்கு வருகிற தெளிவு.

ஒரு மாதம் கழித்து டீ மாஸ்டர் சைக்கிளில் ஏரியைச் சுற்றிக்கொண்டு வந்தார். யாரோ கட்சிக்காரர்கள் கூட்டம் போடுகிறார்களாம், நாற்காலி பற்றவில்லையாம். வாசலில் சைக்கிளை நிறுத்தினார். அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே இருந்தேன்.

"அம்மா, மொதலாளி நாற்காலிய வாங்கியாறச் சொன்னாரு."

அம்மா ஒரு காயை உரித்து முடித்தாள். ஐம்பது வருஷமாக வைத்திருந்ததை அவசரமில்லாமல் எடுத்துக் கொடுத்தாள்.

"நாளைக்கு வாப்பா."

மாஸ்டர் நின்றார். அவர் பையனாகக் கிளாஸ் கழுவ வந்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கடையில் இருப்பவர். இந்தச் சொல்லை எங்கே கேட்டோம் என்று யோசித்திருப்பார். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"வந்ததுதான் வந்துட்ட. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ" என்றாள் அம்மா. என்னைப் போடச் சொன்னாள். எங்கள் வீட்டில் இருந்தது அலுமினிய டம்ளர்தான். கொண்டுவந்து நீட்டினேன். அதை ஒரு தரம் பார்த்தார், ஏரிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். வாங்கிக் குடித்தார். அவர் முகம் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. டம்ளரைக் கழுவப் போனார். அம்மா வேண்டாம் என்று கை காட்டினாள்.

மறுநாள் வந்தார். டீ குடித்தார். நாற்காலியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அம்மாவும் பேச்செடுக்கவில்லை. சைக்கிளில் ஏறும்போது அம்மா மட்டும், மறந்துவிடப் போகிறார் என்பது போல, "நாளைக்கு வா" என்றாள்.